வருஷம் பூரா பச்சை

அந்தப் பையன் பைக்குள் கைவிட்டு ஒரு துண்டுப் புல்லை எடுத்து டீப்பாய் மேல் வைத்தான். ஒரு அடிக்கு ஒரு அடி இருக்கும். என் மனைவி, "ஐயோ, மண்ணு கொட்டுமே" என்று பழைய பேப்பர் எடுக்க ஓடினாள். மண் ஏது? பிளாஸ்டிக்.

"தொட்டுப் பாருங்க சார்."

தொட்டேன். நாற்பது மில்லிமீட்டர் உயரம். ஒரே பச்சை இல்லை, மூணு நாலு விதமான பச்சை. குனிந்து பார்த்தால் அடியில் இன்னொரு ஆச்சரியம். கொஞ்சம் சுருண்டு, வதங்கி, பழுப்பு நிறத்திலும் சில இழைகள்.

"இது எதுக்குப்பா?"

"அப்பத்தான் சார் ஒரிஜினல் மாதிரியே இருக்கும்."

வாசலில் இருக்கிற ஒரிஜினல் காய்ந்து போகிறதே என்றுதான் அவனை வரவழைத்திருந்தேன். அவனோ, காய்ந்த புல்லையும் சேர்த்தே நெய்துகொண்டு வந்திருந்தான்! எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ராத்திரி வரைக்கும் அந்தப் பழுப்பு இழைதான் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டு வாசலில், இருபது அடிக்குப் பதினைந்து அடியில் ஒரு புல்தரை. சென்னைப் புறநகரில் அதற்கு 'லான்' என்று பெயர் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பார். 2004-ல் அப்பா போட்டது. ரிட்டயர் ஆன மறு மாசமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீடு கட்டினபோது மிஞ்சின செங்கல் துண்டுகளை எல்லாம் பொறுக்கி எறிந்து, ஒரு லோடு செம்மண் அடித்து, கணுக்கணுவாக அருகம்புல் நட்டார். நர்சரியில் கொரியன் புல், மெக்ஸிகன் புல் என்று என்னென்னவோ விற்கிறார்களே என்று கேட்டேன். "அதெல்லாம் விருந்தாளிடா. இது வீட்டு ஆளு" என்றார்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம், காலை ஆறரை மணிக்கு ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து கோரை பிடுங்குவார். கோரையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு சிரிக்கும். நாலு நாளில் திரும்ப வரும். அப்பாவும் நாலாம் நாள் அதே இடத்துக்குத் திரும்ப வருவார். இரண்டு பேருக்குமே அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்பா போய் மூணு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. எனக்கு நேரம் இல்லை. (நேரம் இல்லை என்று சொல்கிறவனுக்கு ராத்திரி ஒரு மணி நேரம் செல்போன் பார்க்க மட்டும் எப்படி நேரம் வருகிறது என்று கேட்காதீர்கள்.) மாசத்துக்கு ஒரு தடவை வருகிற தோட்டக்காரர் இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர ஆரம்பித்தார். இந்தக் கோடையில் புல் பழுப்பாகி, வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது.

பிளாஸ்டிக் புல் என்றால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள், அப்பா கை பட்ட இடமாயிற்றே என்று பயந்து, சமாதானம் சொல்ல நாலைந்து வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

"போட்டுடுடா" என்றாள். "காலைல கதவைத் தொறந்தா அது செத்துக்கிட்டே இருக்கறதைப் பாக்க முடியல. பிளாஸ்டிக்னா சாகாதுல்ல?"

ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை.

*

நான் பி.காம். எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். எழுதினேன்.

பிளாஸ்டிக் புல்: சதுர அடி 90 ரூபாய், 300 சதுர அடிக்கு 27,000. தரையைத் தயார் பண்ணுகிற கூலி 12,000. ஆக 39,000. "எட்டு வருஷம் தாராளமா வரும் சார்" என்றான் பையன். நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் வருஷத்துக்கு 4,875.

நிஜப் புல்: தோட்டக்காரருக்கு மாசம் 600 வீதம் வருஷத்துக்கு 7,200. எரு, மண் 1,500. கோடையில் ஒரு லாரித் தண்ணீர் 1,800. ஆக 10,500. எட்டு வருஷத்துக்கு 84,000.

பிளாஸ்டிக் போட்டால் எட்டு வருஷத்தில் 45,000 ரூபாய் மிச்சம். கணக்குப்படி கேஸ் க்ளோஸ்.

சும்மா இருக்காமல் இன்னொரு கணக்கும் போட்டேன். நம் ஊர் வெயிலுக்குப் புல் பச்சையாகவே இருக்க வேண்டும் என்றால், சதுர மீட்டருக்குத் தினம் ஐந்து லிட்டராவது வேண்டும். 300 சதுர அடி என்பது சுமார் 28 சதுர மீட்டர். அதாவது 140 லிட்டர். பத்துக் குடம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு ஒரு அளவு வைத்திருக்கிறது. 135 லிட்டர். குளிக்க, குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாம் சேர்த்து.

எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் பேர் இல்லாத ஒரு ஆள், வாசலில் படுத்துக்கொண்டு ஒரு முழு ஆளுக்கான தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்!

ஆகவே, 'இயற்கைதான் நல்லது, செயற்கை கெட்டது' என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போக முடியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பச்சைப் பசேலென்று ஒரு நிஜப் புல்தரையைப் பார்க்கும்போது அது யாருடைய தண்ணீர் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலம், அதாவது லாஸ் வேகஸ் இருக்கிற பாலைவனம், 2021-ல் ஒரு சட்டமே போட்டது. யாரும் கால் வைக்காத, சும்மா அழகுக்கு வளர்க்கிற புல்லுக்கு 2026-க்குப் பிறகு கொலராடோ நதித் தண்ணீர் கிடையாது என்று. தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் சேதி புரிகிறது.

*

இந்த 'லான்' சமாச்சாரமே நம் ஊர்ச் சரக்கில்லை. வருஷம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கிற இங்கிலாந்தின் பழக்கம். அங்கேயும் பிரபுக்கள் வீட்டில்தான். புல்லை ஒரே உயரத்துக்கு வெட்ட அரிவாளோடு ஒரு பட்டாளம் வேண்டும், அல்லது ஆட்டு மந்தை வேண்டும். 1830-ல் எட்வின் பட்டிங் என்கிற ஆள் புல் வெட்டும் இயந்திரம் கண்டுபிடித்த பிறகுதான் சாதாரண வீட்டுக்காரருக்கும் லான் ஆசை வந்தது. பட்டிங் அந்த யோசனையை எங்கே பிடித்தார் தெரியுமா? துணி மில்லில். கம்பளித் துணி மேல் துருத்திக்கொண்டு நிற்கிற இழைகளைச் சமமாகக் கத்தரிக்கிற மெஷினைப் பார்த்துத்தான்.

துணிக்குச் செய்ததைப் புல்லுக்குச் செய்தோம். இப்போது புல்லையே துணியாக நெய்துவிட்டோம். வட்டம் பூர்த்தி.

செயற்கைப் புல்லின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1965-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் கூரை போட்ட பிரமாண்டமான பேஸ்பால் ஸ்டேடியம் ஒன்றைத் திறந்தார்கள். பெயர் ஆஸ்ட்ரோடோம். உள்ளே நிஜப் புல். வெளிச்சம் வேண்டுமே என்று கூரை முழுக்கக் கண்ணாடி மாதிரித் தகடுகள். ஆடுகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் கண் கூசிப் பந்து தெரியவில்லை. சரி என்று தகடுகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்துவிட்டது. கொஞ்ச நாள் செத்த புல்லுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து ஒப்பேற்றினார்கள். 1966-ல் மான்சான்டோ கம்பெனியின் நைலான் புல்லைக் கொண்டுவந்து விரித்தார்கள். ஆஸ்ட்ரோடோமில் விரித்ததால் ஆஸ்ட்ரோ டர்ஃப் என்று பெயர் நிலைத்தது.

பத்து வருஷம் கழித்து 1976-ல், மான்ட்ரியால் ஒலிம்பிக்ஸில் ஹாக்கி முதல் முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தது. மண்ணிலும் புல்லிலும் ஆடிப் பழகின இந்தியா ஏழாம் இடத்துக்குப் போனது. 1928 முதல் ஹாக்கியில் மெடல் இல்லாமல் நாம் திரும்பிய முதல் ஒலிம்பிக்ஸ் அதுதான். என் தலைமுறை ஆட்களின் வீட்டில் 'ஆஸ்ட்ரோ டர்ஃப்' என்பது ஏறக்குறைய கெட்ட வார்த்தை.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். ஹாக்கி மைதானத்துச் செயற்கைத் தரை யாரையும் ஏமாற்றவில்லை. பந்து சீராக ஓட வேண்டும், அதற்காகப் போட்டார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் அதை நீல நிறத்திலேயே விரித்தார்கள். டி.வி.யில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'நான் புல் இல்லை, நான் ஒரு ஆடுதளம்' என்று அது தலை நிமிர்ந்து சொன்னது. நீலப் பிளாஸ்டிக்கிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் டீப்பாய் மேல் இருந்ததே, பழுப்பு இழை கலந்த பச்சை, அதனிடம்தான் என் கேள்வி.

*

இந்தக் கேள்வி எனக்கு முன்னாலேயே பெரிய ஆட்களுக்கு வந்திருக்கிறது. 1972-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சாலையின் நடுவே பிளாஸ்டிக் மரங்களை நட்டார்கள். மறு வருஷம் மார்ட்டின் க்ரீகர் என்பவர் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பிளாஸ்டிக் மரத்தில் என்ன தப்பு என்பதுதான் தலைப்பே. கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். ஜனங்களுக்கு வேண்டியது நிழலும் அழகும் சந்தோஷமும்தான் என்றால், அதை எது கொடுத்தால் என்ன?

1982-ல் ராபர்ட் எலியட் என்கிற தத்துவ ஆசிரியர் பதில் மாதிரி ஒன்று சொன்னார். ஒரு பெரிய ஓவியரின் படத்தை அச்சு அசலாக ஒருவன் நகல் எடுத்துவிட்டான், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் நகல் நகல்தானே? ஒரு பொருளின் மதிப்பு அது எப்படித் தெரிகிறது என்பதில் மட்டும் இல்லை, எங்கிருந்து, எப்படி வந்தது என்பதிலும் இருக்கிறது என்றார்.

படித்துவிட்டு, 'ஆகா, எலியட் நம்ம கட்சி' என்று நிமிர்ந்தேன். எதிர்ச் சுவரில் அப்பா படம். அதில் சந்தன மாலை. கடையில் 'சந்தன மாலை' என்று கொடுத்தார்கள். சந்தனமும் இல்லை, பூவும் இல்லை, மரச்சீவலும் ஜிகினாவும். திவசத்துக்குத் திவசம் தூசி தட்டுகிறேன். வாடாத மாலை.

சுருக்கென்றது. அப்பா கழுத்தில் வாடாத மாலையைப் போட்டவன், அப்பா போட்ட புல் மேல் வாடாத புல்லைப் போடத் தயங்குகிறேனாம்.

ஆனால், நின்று பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. படத்தின் மேல் ஓரத்தில் ஒற்றைச் செம்பருத்தி. அம்மா தினம் வைப்பது. சாயந்திரத்துக்குள் சுருங்கிவிடும். மறுநாள் வேறு. வாடாத மாலை, 'ஒரு தடவை நினைத்தேன்' என்கிறது. செம்பருத்தி, 'இன்றைக்கும் நினைத்தேன்' என்கிறது. அது வாடுவதால்தான் அம்மாவுக்குத் தினமும் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நிற்க ஒரு வேலை இருக்கிறது.

வாடுவது அந்தப் பூவின் குறை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

மறுநாள் பையன் அளவெடுக்க வந்தான். நல்ல பையன், எதையும் மறைக்கவில்லை. முதலில் மேல்மண்ணை நாலு இன்ச் வெட்டி எடுத்துவிடுவார்களாம். அப்புறம் கிரஷர் டஸ்ட் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் போட்டு இறுக்குவார்கள். களை முளைக்காமல் இருக்க ஒரு ஷீட். அதற்கு மேல் புல்.

"மழை பெய்ஞ்சா?"

"அடியில ஓட்டை இருக்கு சார், எறங்கிடும்."

"வெயில்ல?"

கொஞ்சம் யோசித்தான். "மத்தியானம் காலை வெச்சா சுடும் சார். சாயந்திரம் ஓகே."

சுடும் என்பது சாதாரண வார்த்தை. 2002-ல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் தங்கள் மைதானத்தையே அளந்து பார்த்தார்கள். 37 டிகிரி வெயில் அடித்த ஒரு நாளில் செயற்கைப் புல்லின் மேல்பரப்பு 93 டிகிரி வரை போனது. செல்சியஸில் சொல்கிறேன். கொதிக்கிற தண்ணீருக்கு ஏழு டிகிரி கம்மி. தார் ரோட்டைவிட அது அதிகமாகச் சுட்டது. நிஜப் புல் ஏன் அப்படிச் சுடுவதில்லை? அது வேர்க்கிறது. நம்மை மாதிரியே. வேரால் உறிஞ்சின தண்ணீரை இலை வழியாக ஆவியாக விட்டுத் தன்னையும் குளிர்த்திக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவர்களையும் குளிர்த்துகிறது. அந்த 140 லிட்டர் வீணாகத்தான் போகிறது என்று சொல்லவும் முடியாது.

மற்ற ஊர்களிலும் யோசனை மாறிக்கொண்டுதான் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பெரிய வறட்சி. 2015-ல், வீட்டுக்காரர் செயற்கைப் புல் போட்டால் எந்த ஊராட்சியும் தடுக்கக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். 2023-ல் அதே மாநிலம், 'வேண்டுமானால் தடுத்துக்கொள்ளலாம்' என்று மாற்றி எழுதியது. லண்டனின் புகழ்பெற்ற செல்ஸி மலர்க் கண்காட்சியில் 2022-ல் செயற்கைப் புல்லுக்குத் தடை. விளையாட்டு மைதானத்துச் செயற்கைப் புல் நடுவே தூவுகிற ரப்பர் குருணை மண்ணிலும் தண்ணீரிலும் கலப்பதால், ஐரோப்பிய யூனியன் 2023-ல் அதற்கு எட்டு வருஷக் கெடு வைத்தது. எட்டு வருஷம் உழைத்த பிறகு அந்தப் பச்சைக் கம்பளத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று பையனைக் கேட்டேன். "அப்ப நாங்களே வந்து எடுத்துட்டு புதுசு போட்டுடுவோம் சார்" என்றான். எடுத்துக்கொண்டு எங்கே போவான் என்று நான் கேட்கவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

பி.காம். மூளை சும்மா இருக்குமா? மெஷின், மேஜை, கட்டடம் இதெல்லாம் தேய்மானக் கணக்கில் வரும். ஆனால் உயிருள்ள சொத்துக்கு அக்கவுண்டன்சியிலேயே தனி விதி உண்டு. இண்ட் ஏ.எஸ். 41. தோப்பு, மாடு, பயிர் என்று தொழிலாகச் செய்பவர்களுக்கு. என் வாசலுக்கு அது பொருந்தாது. ஆனால் அந்த விதிக்குப் பின்னால் இருக்கிற எண்ணம் பிடித்திருந்தது. செத்த சொத்து ஒரு திசையில்தான் போகும், கீழே. உயிருள்ளது குறையும், கூடும், மறுபடி வரும்.

மறுபடி வரும் என்றதும்தான் 2019 ஞாபகத்துக்கு வந்தது.

*

2019 கோடையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்தது. தேர் வருகிற மாதிரி ஜனங்கள் டி.வி.யில் பார்த்தார்கள்.

அதற்கு ஒரு மாசம் முன்னால் ஒரு சாயந்திரம். எங்கள் போரில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அப்பா வழக்கம்போல ஓஸ் பைப்போடு வாசலில் நிற்கிறார். எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா, கிளம்புகிற நேரத்தில் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ரெண்டு கொடம் பிடிச்சிக்கட்டுமா மா? எங்க தெருவுக்கு லாரி வந்து நாலு நாளாச்சு."

அப்பா காதில் விழுந்துவிட்டது. ஒன்றும் பேசவில்லை. பைப்பை மூடினார், சுருட்டினார், ஆணியில் மாட்டினார். "இனிமே தினம் பிடிச்சுக்கோம்மா" என்றார். அவ்வளவுதான். இரண்டு மாசம் அந்தப் பைப் ஆணியை விட்டு இறங்கவில்லை.

புல் பழுப்பாயிற்று. அப்புறம் வைக்கோல். என் மகளுக்கு அப்போது பத்து வயசு. "தாத்தா, புல்லு செத்துப்போச்சு" என்று அழுதாள். அப்பா சமையல்கட்டிலிருந்து ஒரு பழைய கரண்டியை எடுத்துவரச் சொல்லி ஓரமாகத் தோண்டினார். மண்ணுக்கு இரண்டு விரல் கீழே வெளுப்பாக ஒரு தண்டு, கயிறு மாதிரி.

"வெள்ளையா இருக்கு பாரு. செத்தா கறுத்துப்போகும். இது தூங்குது. மழை வந்து எழுப்பும்."

ஆகஸ்ட்டில் நாலு மழை. ஒரு காலையில் பழுப்புக்கு நடுவே ஊசி குத்தினாற்போலப் பச்சைப் புள்ளிகள். அப்புறம் சொல்லவே வேண்டாம்.

கல்யாண வீட்டில் 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஆலமரத்தின் பெருமை மேலே தெரிகிறது. அருகின் பெருமை கீழே இருக்கிறது. மேலே காய்ந்துபோனாலும் கீழே முடிந்துவிடவில்லை என்பதுதான் வாழ்த்து. வள்ளுவர்கூட மழையின் அருமையைச் சொல்ல வந்த இடத்தில், ஆலமரத்தை விட்டுவிட்டுப் புல்லைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

*

ராத்திரி அந்தப் பழுப்பு இழை எனக்குப் புரிந்தது.

தப்பு பிளாஸ்டிக்கில் இல்லை. வருஷம் பூராவும் பச்சையாகவே இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேனே, அதில் இருக்கிறது. சித்திரை வெயிலில் சென்னையில் புல் காய வேண்டும். அதுதான் நிஜம். காயவே கூடாது என்று லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினால், அந்த நிஜப் புல்லும் ஏறக்குறைய பிளாஸ்டிக்தான். பிளாஸ்டிக் புல் என் பிடிவாதத்தைக் கொஞ்சம் மலிவாக நிறைவேற்றித் தருகிறது, அவ்வளவே. அதில் காய்ந்த இழையை நெய்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது, காய்வதும் சேர்ந்ததுதான் புல் என்று. எனக்குத்தான் தெரியவில்லை.

மண்ணே இல்லாத பன்னிரண்டாவது மாடி பால்கனியில் ஒருவர் அதை விரித்துக் குழந்தையை விளையாட விட்டால், எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே எதையும் புதைக்கவில்லை. நான் புதைக்கப் பார்த்தது நாலு இன்ச் செம்மண்ணையும், அதற்குள் தூங்குகிற ஒரு உயிரையும்.

இதை யோசிக்கும்போது இன்னொன்றும் உறைத்தது. தினம் மத்தியானம் ஆபீசிலிருந்து அம்மாவுக்கு போன் பண்ணுகிறேன். "எப்படிம்மா இருக்கே?" "எனக்கென்னடா, நல்லா இருக்கேன்." பத்து செகண்ட். வைத்துவிடுவேன். மூணு வருஷமாக ஒரு நாள்கூட அந்தப் பதில் மாறினதில்லை. வருஷம் பூரா பச்சை. அது எனக்கும் சௌகரியமாக இருந்தது. 'நல்லா இல்லை' என்று சொல்லிவிட்டால் நான் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே!

நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் இப்படித்தான் பதில் சொல்கிறார்களா, அல்லது நாம்தான் அப்படிப் பதில் சொல்லப் பழக்கி வைத்திருக்கிறோமா? உங்கள் வீட்டிலும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

காலையில் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஓரமாகத் தோண்டினேன். முதல் இடத்தில் கறுப்பு. பகீர் என்றது. இரண்டாவது இடத்திலும் ஒன்றும் இல்லை. மதில் ஓரமாக மூணாவது இடத்தில், வெள்ளை. அப்பாவின் மணையைப் போட்டு, அம்மாவைப் பிடித்து மெல்ல உட்கார வைத்துக் காட்டினேன்.

"சாகலைம்மா. தூங்குது."

அம்மா குனிந்து தொட்டுப் பார்த்தாள். "உங்கப்பா மாதிரியே பேசற" என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவளாகவே, "முட்டி ராத்திரியெல்லாம் குத்துதுடா" என்றாள். மூணு வருஷத்தில் முதல் தடவை.

பையனுக்கு போன் பண்ணி வேண்டாம் என்றேன். வருத்தப்படவில்லை. "மாடிக்கு வேணும்னா சொல்லுங்க சார்" என்றான். சமத்து. அன்று சாயந்திரமே அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

300 சதுர அடியையும் பச்சையாக வைத்திருக்கிற எண்ணம் இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. மதில் ஓரத்தில், அந்த வெள்ளைத் தண்டு கிடைத்த இடத்தில், இரண்டு அடிக்கு இரண்டு அடி மட்டும் அம்மா அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுகிறாள். பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு கைப்பிடி அருகம்புல் வீட்டிலேயே பறிக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மூலையில் நான் கோரை பிடுங்குகிறேன். நாலு நாளில் அது திரும்ப வந்துவிடுகிறது. எனக்குத் திரும்பி வர ஏழு நாள் ஆகிறது. இன்னும் அப்பா அளவுக்கு வரவில்லை.

மிச்ச இடம் பழுப்பாகத்தான் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன சார், புல்லெல்லாம் காஞ்சுபோச்சே?" என்று கேட்கிறார்கள்.

"ஆமா, வெயில் காலம்தானே" என்கிறேன்.